வண்டியைக் கீழேயே விடலாமே

ஐயா,
கோடை சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வரவேற்கிறேன். ஆனால் மலைக்கு வண்டியில் வர வாங்க வேண்டிய இ-பாஸ் கிடைக்காத குடும்பம் என்ன செய்யும்? அரசுப் பேருந்துக்கு இந்த வரம்பு கிடையாது. இது பலருக்குத் தெரிவதே இல்லை. மலை ரயிலில் இடம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. மேட்டுப்பாளையத்தில் விசாலமான வாகன நிறுத்தம் அமைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விடட்டும். மேலே வந்தபின் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா எல்லாவற்றுக்கும் சுற்றுப் பேருந்துகளைக் கூட்டட்டும். சீசனில் ஊரின் சேரிங்கிராஸ் சந்திப்பைக் கடக்க உள்ளூர்க்காரர்கள் நாங்கள் படும் பாடு சொல்லி மாளாது!

- ஒரு வாசகர், உதகமண்டலம்