டோனோ நல்லவன்தானா? கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது நீ சொன்னாய்: "டோனோ நல்லவன்தாண்ணே. காலம்தான் கெட்டுப்போச்சு. அவன் இடத்துல யாரு இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அதை அப்படியே விட மனசில்லை. தலையாட்டியவர்களும் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைப் பொதுவில் எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். 'தி ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்', 1965-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வந்த படம். யான் கதார், எல்மர் க்லோஸ் இருவரும் சேர்ந்து இயக்கியது. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. கதை நடப்பது 1942-இல், ஸ்லோவாகியாவின் ஒரு சின்ன ஊரில். டோனோ பிர்ட்கோ ஒரு தச்சன். வேலையில்லை, கையில் காசில்லை, வீட்டில் மனைவியின் ஏச்சு. அவளுடைய அக்கா புருஷன் கொல்கோட்ஸ்கி ஊர்க் காவல்படையின் தளபதி. ஒரு ராத்திரி பிராந்தியும் பரிசுகளுமாக வந்து இறங்குகிறான். போகும்போது டோனோ கையில் ஒரு காகிதத்தைக் கொடுக்கிறான். கடைத்தெருவில் இருக்கும் லௌட்மன் என்ற யூதப் பாட்டியின் பொத்தான் கடைக்கு இனி டோனோதான் 'ஆரிய' மேலாளர், அதாவது யூதரல்லாத மேலாளர்.

இந்தக் காகிதம் கதைக்காகக் கட்டியதல்ல. 1939-இல் ஹிட்லரின் தயவில் உருவான ஸ்லோவாக் அரசு, யோசெஃப் டிஸோ என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் தலைமையில், யூதர்களின் தொழில்களைப் பிடுங்குவதைச் சட்டமாகவே செய்தது. சுமார் 12,000 கடைகளும் தொழில்களும் யூதர்கள் கையில் இருந்தன. 10,000-ஐ ஒரேயடியாக மூடிவிட்டார்கள். 2,300 போல மற்றவர்களுக்குக் கைமாறின. எடுத்துக்கொண்டவர்களில் பலருக்குத் தொழில் தெரியாது. பழைய முதலாளியையே கூட வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அத்தனை பேரும் அரக்கர்களா என்ன? அண்டை வீட்டுக்காரர்கள். நேற்று வரை அதே கடையில் நூல் வாங்கியவர்கள்.

அதனால் டோனோ கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் நல்லவன்தான். அந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான் என்பதுதான் என் கேள்வி.

முதல் நாள் அவன் கடைக்குள் நுழையும் காட்சியை ஞாபகப்படுத்திப் பார். பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காது. 'நான் ஆரியன், கடை இனி என்னுடையது' என்று அவன் கத்திக் கத்திச் சொல்கிறான், காகிதத்தை நீட்டுகிறான். அவளுக்கு எதுவும் ஏறவில்லை. வெளியே ஒரு யுத்தம் நடக்கிறது என்பதே அவள் உலகத்தில் இல்லை. அந்த நேரத்தில் குஹார் உள்ளே வருகிறார்; யூதர் இல்லை, ஆனால் யூதர்களுக்கு உதவும் ஊர்க்காரர். டோனோவைத் தனியாக அழைத்து விஷயத்தை உடைக்கிறார்: கடையில் சரக்கே இல்லை, பாட்டியை இத்தனை நாள் காப்பாற்றி வருவது ஊர் யூதர்கள் போடும் காசு. பாட்டியிடம் சொன்னதோ வேறு: டோனோ உங்களுக்கு உதவியாக வேலைக்கு வந்திருக்கிறான். டோனோ பேசாமல் இருந்தால் யூதர்களே அவனுக்குச் சம்பளமும் தருவார்கள். அவன் ஒப்புக்கொள்கிறான். வீட்டில் மனைவிக்குக் கடையில் லாபம் கொட்டுவதாக நினைப்பு. கடையில் பாட்டிக்கு அவன் நல்ல வேலையாள். எல்லோருக்கும் வசதியான பொய்.

அப்புறம் அவனுக்குப் பாட்டி மேல் பாசம் வருகிறது. உடைந்த சாமான்களைச் சரி பண்ணிக் கொடுக்கிறான். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை கடையைத் திறக்கப் போய்த் திட்டு வாங்குகிறான். அவள் செத்துப்போன கணவருடைய கோட்டையும் தொப்பியையும் எடுத்துக் கொடுக்க, போட்டுக்கொண்டு கம்பீரமாக நடக்கிறான். நாம் எல்லோரும் சிரித்தோம், நெகிழ்ந்தோம். அந்த நெகிழ்ச்சி பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை வாரங்களில் ஒரு நாளாவது அவளை உட்காரவைத்து, கையைப் பிடித்து, கத்தியோ எழுதியோ, 'பாட்டி, உங்களை இங்கிருந்து கொண்டுபோகப் போகிறார்கள்' என்று அவன் சொன்னானா? இல்லை. சொல்லியிருந்தால் அந்தப் பாசம் அவனுக்கு விலை கேட்டிருக்கும். சம்பளம் போகும், கொல்கோட்ஸ்கி விரோதியாவான், மனைவி வீட்டை விட்டே துரத்துவாள். சொல்லாத வரைக்கும் அவன் நல்லவனாகவும் இருக்கலாம், மேலாளராகவும் இருக்கலாம்.

சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? நிச்சயமாகச் சொல்ல முடியாது. வயசு, காது எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த வருஷம் பல ஆயிரம் ஸ்லோவாக் யூதர்கள் எல்லை தாண்டி ஹங்கேரிக்குத் தப்பினார்கள் என்பது வரலாறு. படம் எடுக்கப்பட்ட ஊரான சபினோவிலிருந்து, அன்று ஹங்கேரியின் கையில் இருந்த கோஷிட்ஸே நகரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான். 1942 மார்ச் 25-ஆம் தேதி பொப்ராட் ஸ்டேஷனிலிருந்து முதல் ரயில் கிளம்பியது. சுமார் ஆயிரம் பெண்கள், நிறையப் பேர் இருபது வயசுகூட ஆகாதவர்கள். வேலைக்குப் போகிறோம் என்று நம்பி ஏறினார்கள், இறங்கியது ஆஷ்விட்ஸ் வதைமுகாமில். அக்டோபருக்குள் ஏறக்குறைய 58,000 பேரை அனுப்பி முடித்தார்கள். அனுப்பிய ஒவ்வொருவருக்கும் 500 மார்க் வீதம் ஸ்லோவாக் அரசே ஜெர்மனிக்குக் கட்டணம் கட்டியது. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்தக் கடைசிக் காலையில் சதுக்கத்தில் யூதர்களை வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். கடைக்குள் டோனோ குடிக்கிறான், அழுகிறான். ஒரு நிமிஷம் பாட்டியை ஒளித்துவைக்க நினைக்கிறான், அடுத்த நிமிஷமே தன் தலை போய்விடும் என்று வெளியே தள்ளப் பார்க்கிறான். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிகிறது. பயந்து அலறுகிறாள். வெளியே இருப்பவர்கள் கண்ணில் படாமல் இருக்க அவளை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறான்; விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. நீ இந்தக் காட்சியை வைத்துத்தான் 'யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள்' என்கிறாய். அந்த அரை மணி நேரத்தில் நான் இருந்திருந்தால் என் கையும் காலும் இதைவிட மோசமாக நடுங்கியிருக்கும், கதிர். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு வந்து சேர அவனுக்குப் பல வாரங்கள் கிடைத்தன. ஆட்சியைப் பெருமைப்படுத்த ஊர்ச் சதுக்கத்தில் கட்டிய அந்த மரக் கோபுரம் உயர்ந்துகொண்டே வந்ததைத் தினமும் பார்த்தான். எதற்காகக் கட்டுகிறார்கள், யார் கட்டுகிறார்கள் என்று அந்த ஊரில் தெரியாதவர் பாட்டி மட்டும்தான்.

'யாராக இருந்தாலும்' என்ற உன் சொல்லுக்குப் படத்துக்குள்ளேயே மறுப்பு இருக்கிறது. அதே குஹார்தான். அவரும் அதே தெருவில் நடப்பவர், அதே கொல்கோட்ஸ்கிக்குப் பயப்பட வேண்டியவர். அவர் சொன்ன பொய்யையும் நான் முழுசாக ஏற்கவில்லை. பாட்டிக்கு உண்மை தெரியாமல் போனதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர் அந்தப் பொய்யில் காசு பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டபோது அவரை அடித்து, 'வெள்ளை யூதன்', அதாவது யூதர்களுக்கு உதவுபவன், என்று முத்திரை குத்தி, ஊரார் பார்க்க இழுத்துப்போகிறார்கள். டோனோ அதைப் பார்க்கிறான். அவன் முகத்தைத்தான் கேமரா காட்டுகிறது. படத்துக்கு வெளியேயும் குஹார்கள் இருந்தார்கள். யூதர்களைக் காப்பாற்றியதற்காக இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் கௌரவித்த ஸ்லோவாகியர்கள் அறுநூறுக்கும் மேல். சின்ன நாடு, உயிருக்கு ஆபத்து, இருந்தும் அத்தனை பேர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயக்குநர் கதாரின் பெற்றோரும் சகோதரியும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்கள். அப்படிப்பட்டவர் டோனோவை இவ்வளவு பரிவோடு காட்டியிருக்கிறாரே என்று நீ கேட்கலாம். பரிவு காட்டினார், மன்னிப்புச் சீட்டு கொடுக்கவில்லை. பாட்டியாக நடித்த இடா கமின்ஸ்கா வார்சாவில் யூத நாடக அரங்கை நடத்தியவர். இந்த வேடத்துக்காக ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனார். 1968-இல் போலந்து அரசு யூதர்களுக்கு எதிராக ஒரு பிரசாரத்தைக் கிளப்பியபோது, அறுபத்தெட்டு வயசில் அந்த அம்மாவும் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. போர் முடிந்து இருபது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அங்கேயும் நல்லவர்கள் நிறைய இருந்திருப்பார்கள்.

நேரம் கிடைத்தால் குஹார் வரும் காட்சிகளை மட்டும் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு எழுது. அவரும் டோனோவும் எந்த இடத்தில் வேறு வேறு வழியில் பிரிந்தார்கள் என்று உனக்குப் படுகிறது? எனக்கு அது சம்பளத்துக்கு டோனோ ஒப்புக்கொண்ட அந்த இடம்தான். நீ வேறு இடம் சொன்னால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்