ஆற்றுநீர் அடியிலிருந்தும் உறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த குறிப்பு, நீர்நிலைகள் எப்போதும் மேற்பரப்பிலிருந்துதான் உறையும், அதனால்தான் மீன்கள் பிழைக்கின்றன என்று முடிந்திருந்தது. ஏரிக்கு அது சரி. வேகமாக ஓடும் ஆற்றுக்குச் சரியில்லை. மாணவர்கள் வெட்டி ஒட்டிவைக்கும் பக்கம் என்பதால் இதை எழுதுகிறேன்.

நீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அதிகம். அதற்கும் கீழே குளிரும் நீர் லேசாகி ஏரியின் மேலேயே தங்கி உறைகிறது. பாறைகளில் மோதிப் புரண்டோடும் ஓடையில் இந்த அடுக்கு நிற்க வழியில்லை. அடிமுதல் மேல்வரை மொத்த நீரும் ஒரே சீராகக் குளிர்ந்து, பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. சற்று என்றால், ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு. சாதாரண வெப்பமானியில் இது தெரியவே தெரியாது.

அந்த நிலையில் ஒரு பனித்துகளோ, தெறித்து உறைந்த திவலையோ நீரில் விழுந்தால் போதும். வட்டத் தகடு போன்ற மெல்லிய படிகங்கள் வளரும். குறுக்களவு பெரும்பாலும் சில மில்லிமீட்டருக்குள். அவை மோதி உடைய, ஒவ்வொரு சில்லும் புது வித்தாகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு கஞ்சி போலாகிவிடும். இதற்கு ஃபிராசில் என்று பெயர். பிரேசில் நாட்டுக்கும் இதற்கும் உறவில்லை. நிலக்கரிச் சாம்பல் துகளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து கனடாவின் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்.

ஃப்ரீசரில் உறையாமல் கிடந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டியதும் அது கூழாவதை இதற்கு உவமை சொல்வார்கள். பாதிதான் பொருந்தும். பாட்டில் நீர் பூஜ்யத்துக்கு 4 டிகிரி கீழே போயிருந்தால், அந்தக் குளிர்ச்சியே அதில் 5 சதவீதத்தை உறையவைத்துவிடும். ஆற்றில் அப்படிச் சேமிப்பு எதுவும் கிடையாது. நீர்ப்பரப்பிலிருந்து வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும் வரைதான் ஐஸ் விளையும். ஆனால் அந்த விளைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மேகமற்ற, காற்று வீசும் கடுங்குளிர் இரவில் சதுர மீட்டருக்கு 400 வாட் வெளியேறுவதாகக் கொள்ளுங்கள். ஒரு கிலோ நீர் உறைய 334 கிலோஜூல் வெப்பம் அதைவிட்டுப் போயாக வேண்டும். அப்படியானால் மணிக்குச் சதுர மீட்டருக்கு 4.3 கிலோ ஐஸ். 30 மீட்டர் அகலமுள்ள ஆற்றில் ஒரே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 130 டன்!

சிக்கல் அளவில் மட்டுமல்ல, ஒட்டும் குணத்திலும் இருக்கிறது. நீர் பூஜ்யத்துக்குக் கீழ் இருக்கும் வரை படிகங்கள் வளர்ந்துகொண்டும் தொட்டதையெல்லாம் பற்றிக்கொண்டும் இருக்கும். கூழாங்கற்களைப் பற்றினால் ஆற்றின் அடியிலேயே ஐஸ் படரும். இதை நங்கூர ஐஸ் எனலாம். காலை வெயில் ஏறியதும் பிடி தளர்ந்து, கற்களையும் தூக்கிக்கொண்டு மிதந்து வரும். சரளைக்குள் கிடக்கும் மீன் முட்டைகளுக்கு நீரோட்டம் போகாமல் அடைப்பதும் இதுதான்.

நீர்மின் நிலையங்கள் நீரை உள்வாங்கும் வாயிலும் இதே தொல்லை. அங்குள்ள தடுப்புக் கம்பிகளில் ஒட்டி, கம்பிக்குக் கம்பி பாலம் கட்டி, ஒரே இரவில் வாயையே அடைத்துவிடும். இரும்புக் கம்பியின் தலை நீருக்கு மேல் குளிர்காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால் வெப்பம் அதன் வழியே வெளியேறி நிலைமை இன்னும் மோசமாகும். அடைத்தபின் சூடேற்றுவது வீண்செலவு. முன்கூட்டியே கம்பியைப் பூஜ்யத்துக்கு இம்மியளவு மேலே வைத்திருந்தால் படிகம் ஒட்டாது.

அதைவிட நல்ல வழி, ஐஸைக்கொண்டே ஐஸைத் தடுப்பது. கனடாவில் கியூபெக் மாகாணத்தில் நீர்மின் நிலையத்துக்கு நீர் கொண்டுசெல்லும் போஹார்னுவா கால்வாயில் குளிர்காலத் தொடக்கத்தில் நீர்வரத்தைக் குறைத்து, மிதவைத் தடுப்புகளின் துணையோடு மேலே ஐஸ் போர்வையை உருவாக்குகிறார்கள். போர்வை மூடிய பிறகு நீரின் வெப்பம் காற்றுக்கு எளிதில் போகாது, அடியில் ஓடும் நீர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது, ஃபிராசிலும் விளையாது. போர்வை இறுகுவதற்குள் நீர்வரத்தை அவசரப்பட்டுக் கூட்டினால் அது உடைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
நீரியல் பொறியாளர் ஒருவர்,
திருச்சி