டார்னீட்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

(2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டது)

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. ஜூலையிலேயே நடந்திருக்க வேண்டிய கூட்டம் இது. தள்ளிப்போனதற்குச் செயற்குழுவின் சோம்பல் காரணமில்லை, அரங்கு கிடைக்கவில்லை. பஞ்சாபி மூத்தோர் குழு, ஜூம்பா வகுப்பு, கராத்தே, இரண்டு சர்ச், ஒரு பஜனைக் குழு, வாரம் தவறாமல் யாராவது ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று எல்லோரும் ஒரே அரங்கை நம்பித்தான் இருக்கிறோம். ஐந்து வாரம் காத்திருந்து, பிற்பகல் 2 முதல் 5 வரை இந்தச் சிறிய அறை கிடைத்தது. பின்னால் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு முழுக்க, மெல்பர்னின் மேற்கு விளிம்பில் இருக்கும் இந்த டார்னீட்டில், நம் தமிழ்ச் சங்கம் செய்த வேலையெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: ஆட்கள் வந்துவிட்டார்கள், இடம் இன்னும் வரவில்லை.

சென்ற ஆண்டு 86 ஆக இருந்த உறுப்பினர் குடும்பங்கள் ஜூன் 30ஆம் தேதிக் கணக்கில் 117. செயற்குழு ஒன்பது முறை கூடியது. அதில் நான்கு முறை என் வீட்டு காரேஜில். குளிர்காலத்தில் அங்கே உட்கார்ந்து விவாதித்தவர்களுக்கும், டீ போட்டுக் கொடுத்த என் மனைவிக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் ஊர்க் கணக்கு. 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டார்னீட்டில் இருந்தவர்கள் 34,562 பேர். 2021இல் 56,370. ஐந்தே ஆண்டில் இருபதாயிரத்துக்கு மேல் கூடியிருக்கிறது. நம் விண்டம் நகரசபை எல்லை முழுவதையும் எடுத்தால் 2.17 லட்சத்திலிருந்து 2.92 லட்சம். 2013இல் நான் குடிவந்தபோது எங்கள் தெருவில் என் வீடுதான் கடைசி. வேலிக்கு அந்தப் பக்கம் முட்செடி, கருங்கல், அந்தி நேரத்தில் கங்காரு. இன்று அந்த வேலி இருந்த இடத்திலிருந்து காரில் பத்து நிமிடம் போனாலும் கூரைதான் தெரிகிறது.

இது தானாக முளைத்த ஊர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் மெல்பர்னுக்கு ஒரு வளர்ச்சி எல்லை வரைந்தார்கள். பிறகு 2005, 2010, 2012 என்று அந்தக் கோட்டை நகர்த்திக்கொண்டே போனார்கள். கோட்டுக்குள் வந்த ஆட்டுப் பண்ணை ஒவ்வொன்றாக எஸ்டேட், அதாவது வீட்டுமனைக் குடியிருப்பு, ஆனது. 12.5 மீட்டர் முகப்பு, 28 மீட்டர் ஆழம், ஆக 350 சதுர மீட்டர். இந்த அறையில் பாதிப் பேருக்கு இந்த அளவு மனப்பாடம். முதல் வீடு வாங்குபவருக்கு ஆறு லட்சம் டாலர் வரை முத்திரைத்தீர்வை இல்லை, புது வீட்டுக்குப் பத்தாயிரம் மானியம். மூன்று படுக்கையறை வேண்டும், கடன் வங்கி தருகிற அளவில் அடங்க வேண்டும் என்று தேடியவர்களை வழி இங்கேதான் கொண்டுவந்து விட்டது.

இனி ரயில் நிலையம். 2015 ஜூன் 21 அன்று ஜீலாங் வண்டிகள் புதிய பாதையில் ஓட ஆரம்பித்தன. அன்றைக்குத்தான் டார்னீட் நிலையமும் வந்தது. அதற்கு முன் ஹாப்பர்ஸ் கிராஸிங்குக்கோ வெரிபீக்கோ கார் ஓட்டிப் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். இந்த ஜூனில் நிலையத்துக்குப் பத்து வயது. கேக் வெட்டலாம் என்று இளைஞர் அணி சொன்னது. அதைவிட அங்கே போய் நின்று எண்ணிப் பார்க்கலாம் என்று செயற்குழு முடிவெடுத்தது. மே மாதத்தில் மூன்று செவ்வாய்க்கிழமைகள், காலை ஆறு முதல் எட்டு வரை, ஆறு உறுப்பினர்கள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள்.

இரண்டாவது செவ்வாயன்று 6:40க்குள் கார் நிறுத்துமிடம் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளைக் கார் மூன்று சுற்றுச் சுற்றியது. நான்காவது சுற்றில் மெதுவாக நடைமேட்டு விளிம்பில் ஏறிப் புல்லில் நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கி, சக்கரத்தைப் பார்த்தார், அபராதச் சீட்டு ஏதாவது ஏற்கெனவே இருக்கிறதா என்று பக்கத்துக் கார்களின் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு ஓடினார். அவர் ஓடிப் பிடித்த வண்டி நமக்கு முந்தைய நிலையமான விண்டம் வேலிலேயே இருக்கை தீர்ந்து வந்தது. தூரப் பயணத்துக்காகக் கட்டிய டீசல் பெட்டி அது. நடைவழி குறுகல், பிடித்துக்கொள்ளக் கம்பி குறைவு. நிற்பவர்கள் உள்ளே நகர முடியாமல் கதவருகிலேயே குவிகிறார்கள். ஃபுட்ஸ்க்ரேயில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார். “நம்ம ஊர் பல்லவன் பஸ்ல ஃபுட்போர்டாவது இருக்கும்ணா, இங்க கதவு மூடிடுது” என்றார். நோட்டில் அதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

கூட்டத்துக்குக் காரணம் யாருடைய அலட்சியமும் அல்ல, அமைப்பே அப்படி. நாம் மெல்பர்ன் புறநகர், ஆனால் நம் பாதை வட்டார ரயில் பாதை. தலைக்கு மேல் மின்கம்பி இல்லை. ஜீலாங்கிலிருந்து வரும் வண்டியும் நமக்கான வண்டியும் அதே இரண்டு தண்டவாளத்தில் போக வேண்டும். விண்டம் வேல் வரை மின்மயமாக்குவோம் என்ற வாக்குறுதி 2018இல் வந்தது. கம்பி இன்னும் வரவில்லை. நல்ல செய்தியும் உண்டு, விட்டுவிடக் கூடாது: 2024 டிசம்பரிலிருந்து வார இறுதியில் 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடுகிறது. டார்னீட் வெஸ்ட் நிலையத்தின் வேலை நடக்கிறது, 2026இல் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது திறந்தால் கார் நிறுத்துமிடத்தில் மூச்சு விடலாம். வண்டிக்குள் மூச்சு விட முடியுமா என்பது வேறு கேள்வி. நம் கணக்கை மனுவாக எழுதி அனுப்பினோம். பெற்றுக்கொண்டதாக ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது.

சாலை பற்றி நீளமாகப் பேசினால் எல்லோருக்கும் கோபம் வரும், அதனால் சுருக்கம். லீக்ஸ் ரோடும் டெரிமட் ரோடும் அகலமானது உண்மையிலேயே பெரிய உதவி. இன்றைய தலைவலி பெரிய சாலை அல்ல, எஸ்டேட்டிலிருந்து பெரிய சாலைக்கு வருகிற வாய். ஒரு எஸ்டேட்டின் உள் சாலை அடுத்த நிலக்காரரின் வேலியில் முட்டி நின்றுவிடுகிறது. வரைபடத்தில் அது தொடர்ந்து போய் அடுத்த சிக்னலைச் சேரும். ஆனால் அந்த நிலக்காரர் எப்போது மனை போடுகிறாரோ அப்போதுதான் தார் வரும். அதுவரை ஆயிரக்கணக்கான வீட்டுக்கு ஒரே வாசல். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் நம் உறுப்பினர் மகள் ஒருத்தி, அப்பாவின் காரில் உட்கார்ந்தபடி கைபேசியில் நேரம் பார்த்திருக்கிறாள்: வீட்டு வாசலிலிருந்து ரவுண்டபவுட் வரை 340 மீட்டர், 17 நிமிடம். “நடந்திருந்தா நாலு நிமிஷம்ப்பா” என்று அவள் சொன்னதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. நடக்கவும் முடியாது, நடைபாதையும் அதே வேலியில் முடிகிறது.

இந்த அறிக்கைக்கு முன் அதிகம் வந்த கேள்வி, “இவ்வளவு கட்டினோமே, அந்தப் பணம் எங்கே?” என்பதுதான். தெரிந்ததைச் சொல்கிறேன். மனை பிரிக்கும்போது நிறுவனங்கள் மாநில அரசுக்கு ஒரு வளர்ச்சிப் பகுதிக் கட்டணம் கட்டுகின்றன. 2010இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, விண்டம் உட்பட ஏழு நகரசபைப் பகுதிகளுக்கு. அதில் பாதி பொதுப்போக்குவரத்து நிதிக்கு, பாதி சமூகக் கட்டடங்களுக்கு. இது தவிர நகரசபைக்குத் தனியாக மேம்பாட்டுப் பங்களிப்பு. எல்லாம் கடைசியில் நம் மனை விலையில்தான் ஏறுகிறது. ஆனால் பணம் சேர்வது மனை விற்க விற்க. பள்ளி, அரங்கு, பாலம் எல்லாம் கட்டுவது மொத்தமாக. இடையில் உள்ள அந்தச் சில வருடங்களில்தான் நாம் குடியிருக்கிறோம். நகரசபை தன் வரியை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. மாநிலம் உச்சவரம்பு வைத்திருக்கிறது, 2024–25க்கு 2.75 சதவீதம். வரி ஏறவில்லை என்று சந்தோஷப்படுகிற அதே வாயால் பூங்கா ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். நானும்தான்.

2024 அக்டோபர் நகரசபைத் தேர்தலில் விண்டம் பதினொரு ஒற்றை உறுப்பினர் வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. எந்தப் புகாரை யாரிடம் சொல்வது என்று குழம்ப வேண்டியதில்லை. உங்கள் வார்டு எது என்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச்செயலாளரைப் பாருங்கள், பட்டியல் வைத்திருக்கிறார்.

பள்ளி. நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு இந்த ஆண்டும் தற்காலிகமாகக் கொண்டுவந்து வைக்கும் போர்ட்டபிள் அறையில்தான் நடந்தது. பகலில் அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் அதே அறைதான் என்பதால் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. கோடையில் மின்விசிறி, குளிரில் ஸ்வெட்டர், மழை பெய்தால் தகரக் கூரையில் ஆத்திசூடி கேட்காது.

மார்ச் 2, ஆஸ்திரேலியத் தூய்மை நாளன்று ஸ்கெலிட்டன் க்ரீக் ஓரமாக 31 பேர் குப்பை பொறுக்கினோம். சிப்ஸ் பாக்கெட், பாட்டில் எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் பையில் அதிகம் சேர்ந்தது தெர்மகோல். இந்தப் பக்கத்துக் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குகிற மண் என்பதால், வீட்டு அடித்தளத்துக்கு அடியில் தெர்மகோல் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். வெட்டிய துண்டுகள் காற்றில் பறந்து, நொறுங்கி, ஓடைப் புல்லில் ஜவ்வரிசி மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. கையுறையில் எடுத்தால் கையுறையிலும் ஒட்டும். ஒரு பாட்டி முறத்தை எடுத்துவந்து புடைத்துப் பார்த்தார், அதுதான் அன்று வேலைக்கு உதவிய ஒரே கருவி. டார்னீட் என்ற பெயர் இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாதாராங் மக்களின் மொழியில் வெள்ளை நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் நினைத்த வெள்ளை இது இல்லை.

மண்ணைப் பற்றி பேச்சு வந்ததால்: பிப்ரவரியில் நடத்திய “வீட்டில் விரிசலா?” மாலைக்கு எதிர்பாராத கூட்டம். கட்டுமானக் காப்பீடு அமைப்புக் குறைகளுக்கு ஆறு ஆண்டு, மற்றவற்றுக்கு இரண்டு ஆண்டு என்பதையே பலர் அன்றுதான் கேட்டார்கள். ஒப்பந்தக்காரர் திவாலானால், மறைந்தால், இறந்தால் பெரும்பாலும் அப்போதுதான் அந்தக் காப்பீட்டைத் தொட முடியும் என்பதும் அன்று தெரிந்தது. படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள், அவ்வளவுதான் நான் சொல்வேன். கறிவேப்பிலை வைக்கக் குழி தோண்டுபவர்கள் கடப்பாரையோடு தோண்டுங்கள். ஒரு அடிக்குக் கீழே கருங்கல் நிச்சயம்.

இப்போது சர்ச்சைக்குரிய விஷயம். ஏப்ரல் கூட்டத்தில் சில உறுப்பினர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள்: கடைவீதியை ஒட்டி வரவிருக்கும், வீடுகளை நெருக்கமாக அடுத்தடுத்துக் கட்டும் டவுன்ஹவுஸ் திட்டத்துக்குச் சங்கம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்று. நிறுத்த இடம் இல்லை, பள்ளியில் இடம் இல்லை, ரயிலில் இடம் இல்லை என்ற அவர்கள் வாதம் ஒவ்வொன்றும் சரி. வாக்கெடுப்பில் தீர்மானம் இரண்டு ஓட்டில் தோற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. அன்ரிசர்வ்டு பெட்டியில் முண்டியடித்து ஏறியவன், ஏறிய நிமிடமே உள்ளிருந்து கதவைச் சாத்தி “இடமில்லை” என்று கத்துவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், செய்தும் இருக்கிறோம். கேட்க வேண்டியது இன்னும் இரண்டு பெட்டி என்பதுதான் என் கருத்து. தீர்மானம் கொண்டுவந்தவர்கள் இன்றும் கோபமாக இருக்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே விஷயத்தைத் திருத்தி, நடைபாதையும் பஸ்ஸும் முதலில் வேண்டும் என்ற நிபந்தனையோடு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

மூத்தோர் பற்றி ஒன்று. பிள்ளைகளோடு இருக்க வந்த அப்பா அம்மாக்கள் பகல் முழுக்க வீட்டில் அடைந்து கிடக்கிறார்கள். கார் ஓட்டத் தெரியாது, பஸ் நிறுத்தம் தூரம். வியாழக்கிழமை காலை நடைக்குழுவில் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இந்த ஆண்டின் உருப்படியான சாதனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வரும் ஆண்டுக்கு மூன்று வேலை. 2026 ஆகஸ்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரும் நூலகப் புத்தகமும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரும். இரண்டாவது, டார்னீட் வெஸ்ட் திறந்ததும் எண்ணும் குழு மறுபடியும் நோட்டோடு நிற்கும், ஆள் தேவை. மூன்றாவது தீபாவளி. அக்டோபர் 18 சனிக்கிழமைக்குப் பக்கத்து ஊரில் ஒரு அரங்கு உறுதியாகியிருக்கிறது. 2026 பொங்கலுக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. பள்ளி ஹால், கிளப் ஹால் எங்கேயாவது பழக்கம் உள்ளவர்கள் இன்றே சொல்லுங்கள்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். 4:50க்கு நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் அடுக்க வேண்டும், தரையைப் பெருக்க வேண்டும். 5 மணிக்கு இந்த அறை ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போகிறது. அவர்கள் இப்போதே பலூனோடு வெளியில் நிற்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்