ஜாடி வாங்கும் முன்

சாட்ஸ்வொர்த், டர்பன்
நவம்பர் 12

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், ஒரே ஒரு மேசை, வரிசையாகப் பதினெட்டு கண்ணாடி ஜாடி, எல்லாவற்றுக்கும் மூங்கில் மூடி. இனி மினிமலிஸ்டாக வாழப்போகிறாயாம். பழையதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி விற்பனையில் இந்த செட்டை வாங்கப்போகிறாயாம். குறைவாக வாழ நினைப்பது சரிதான். அதைக் கடையில் போய்த் தொடங்குகிறாயே, அங்கேதான் இடிக்கிறது.

துணி, ஜாடி போன்ற ஒரு பொருளால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் வரும் கேட்டில் பெரும்பங்கு, அது உன் கைக்கு வருமுன்பே நடந்து முடிந்துவிடும். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, செடி வளர்ப்பதிலிருந்து கணக்குப் போட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்பார்கள். அந்தத் தண்ணீர் செலவாகிவிட்டது. சட்டையைத் தூக்கிப் போட்டால் அது திரும்பி வராது. இன்னும் இரண்டு வருஷம் உடுத்தினால்தான் அந்தச் செலவுக்கு ஒரு பலன். துணிப்பையும் அப்படித்தான். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு பூமியைச் சூடேற்றும் வாயுக் கணக்கில் சமமாக வேண்டுமானால், பருத்திப் பையை 131 தடவை தூக்க வேண்டும். படத்தில் உன் கதவுக்குப் பின்னால் ஏழு துணிப்பை தொங்குகின்றன. எட்டாவது வேண்டாம்.

ஜாடிக்கு வருவோம். ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில் எல்லாம் ஜாடிதான். சூடான சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் லேபிள் உரிந்துவிடும். மிச்சமிருக்கும் பசைக்கு, சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு குழைத்துத் தடவி, அரை மணி நேரம் கழித்துத் தேய். ஊறுகாய் வாசம் கண்ணாடியில் நிற்காது, மூடிக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்ப் பூச்சில்தான் நிற்கும். மூடியில் சோடாவைத் தூவி இரண்டு நாள் வெயிலில் வை. அப்படியும் போகவில்லையென்றால் அந்த பாட்டிலில் மசாலாத் தூளைப் போட்டு வை. டீத்தூளை மட்டும் போடாதே. கொதிக்கும் ரசத்தை ஊற்றினால் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடும், ஆறவிட்டு ஊற்று.

ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்து நீ சிரிப்பாய் என்று தெரியும். நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே கறிதான் இருக்கும் என்று ஊரே சிரிக்கிறது. இரண்டு லிட்டர் டப்பா, பருப்பும் அரிசி மாவும் போட்டு வைக்க இன்னும் பத்து வருஷம் உழைக்கும். சூடான எண்ணெய்க்கறியை மட்டும் ஊற்றாதே. மஞ்சள் கறை ஏறும், உள்பக்கம் சொரசொரவென்று ஆகும்.

அடுத்தது ஆயாவின் குக்கர். "இதெல்லாம் எதற்கு, எலெக்ட்ரிக் மல்ட்டி குக்கர் ஒன்று போதும்" என்று எழுதியிருக்கிறாய். பருப்பு வேகவில்லை என்பதுதானே உன் புகார்? அதற்குக் காரணம் குக்கரல்ல, ஊர். நீ இருக்கும் ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே டர்பனில் திறந்த சட்டியில் வேகும் பருப்பு அங்கே வேக வெகுநேரம் பிடிக்கும். குக்கரில் அழுத்தம் ஏறினால் சூடு 115 டிகிரிக்கு மேல் போகும். ஆக நீ தூக்கிப் போட நினைப்பதுதான் அந்த ஊரில் உனக்கு முதலில் வேண்டிய பாத்திரம்.

ஒரு கப் துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவை. மூன்று கப் தண்ணீரும், நுரை பொங்காமலிருக்க ஒரு டீஸ்பூன் எண்ணெயும் விடு. பருப்பு வைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. நுரை ஏறி ஆவித் துளையை அடைத்துவிடும். தக்காளியும் புளியும் பருப்பு வெந்தபிறகுதான். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு மசியாது. இங்கே வைப்பதைவிட இரண்டு விசில் கூட விடு.

மூடியோரம் ஆவி கசிகிறது என்றால் ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். வளையத்தைக் கழற்றி இரண்டு விரலால் வளைத்துப் பார், வெடிப்பு தெரிந்தால் மாற்று. பத்து நிமிஷம் ஃப்ரீசரில் வைத்தால் அன்றைக்கு மட்டும் பிடிக்கும், அது வைத்தியமல்ல. மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஆவித் துளை வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ஊசியால் குத்தி எடு. சேஃப்டி வால்வு உருகியிருந்தால் அதே கம்பெனி வால்வுதான் போட வேண்டும். எதையாவது வைத்து அடைக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. கழுவியபின் வளையத்தை மூடியில் மாட்டி வைக்காமல் தனியே தொங்கவிடு, நாளாகும் இறுக. குக்கர் என்று ஒன்று இருந்தால் இவ்வளவுதான் கெடும், இவ்வளவும் சரி செய்யக்கூடியவை. மல்ட்டி குக்கரில் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு போனால் பெரும்பாலும் மொத்தப் பாத்திரமும் குப்பை.

ஜாடியையும் பையையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உன் வீட்டில் அதிகம் கரண்ட் தின்பது கூரைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கீசர். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற சுமார் ஏழு யூனிட் கரண்ட் ஆகும். நம் தென்னாப்பிரிக்கக் கரண்ட் பெரும்பாலும் முமலாங்கா மாகாணத்து நிலக்கரியில் வருவது; யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. பத்து லிட்டர் வாளியை ஷவருக்குக் கீழே வைத்து நேரம் பார். ஒரு நிமிஷத்துக்குள் நிரம்பினால் ஷவர் தலையை மாற்று. சூட்டை 60-இல் வை; 55-க்குக் கீழே இறக்கினால் தொட்டியில் கிருமி வளரலாம். சூடு இறங்காமலிருக்க கீசருக்குப் போர்வையும், வெந்நீர்க் குழாயின் முதல் ஒரு மீட்டருக்கு உறையும் போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேள். பதினெட்டு மூங்கில் மூடியைவிட இது எவ்வளவோ மேல்.

தூக்கிப் போடுவது என்றால் எங்கே போடுவது? டர்பனில் பிசாசர் ரோடு குப்பைமேட்டை 1980-இல் கிளேர் எஸ்டேட்டில், இந்தியர் குடியிருந்த வீடுகளை ஒட்டித் திறந்தார்கள். பெயரும் பொருத்தமாகத்தான் அமைந்தது. எதிர் வீட்டில் வாழ்ந்த சஜிதா கான் அதை மூடச் சொல்லி வருஷக்கணக்கில் போராடி, 2007-இல் புற்றுநோயால் இறந்தார். நாம் 'வெளியே' என்று எறிவது யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தான் போய் விழுகிறது.

ஆகவே ஒரேயடியாக வீட்டைக் காலி செய்யாதே. உடையாததைக் கேட்பவர்களுக்குக் கொடு. துணியைத் துவைத்துக் காயவைத்துக் கொடு, ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடித்து மொத்த மூட்டையும் வீண். பழைய போன், சார்ஜர், கெட்டில் எதையும் கறுப்புக் குப்பைப் பையில் போடாதே. மின்சாதனக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்ட 2021 ஆகஸ்டிலிருந்து தடை இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடு. குப்பை எடுக்கும் நாளில் விடியற்காலையிலேயே பழையது பொறுக்க வண்டி இழுத்து வருகிறார்களே, அவர்களுக்காக அட்டையையும், கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் பாட்டிலையும் டின்னையும் உள்ளே இருப்பது தெரியும்படியான பையில் தொட்டிக்குப் பக்கத்தில் வை. எண்ணெய் பட்ட அட்டையை யாரும் வாங்கமாட்டார்கள். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியே வை, அவர்கள் கை வெறுங்கை.

பிளாக் ஃப்ரைடேக்கு ஒரே வழி சொல்கிறேன். வேண்டும் என்று தோன்றுவதையெல்லாம் தேதியும் விலையும் போட்டு ஒரு தாளில் எழுதி, ஃப்ரிட்ஜில் ஒட்டு. முப்பது நாள் கழித்தும் அது இல்லாமல் கஷ்டமாக இருந்தால் வாங்கு. தள்ளுபடி போய்விடுமே என்பாய். போகட்டும், அடுத்த மாதம் வேறு பெயரில் வரும்.

குக்கரின் அடியில் எத்தனை லிட்டர் என்று பொறித்திருக்கும், அதைப் படமெடுத்து அனுப்பு. அளவு மாறினால் வளையம் பிடிக்காது. கிரே ஸ்ட்ரீட்டில் இரண்டு வளையமும் ஒரு வால்வும் வாங்கி வைக்கிறேன். டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது மூடியை மட்டும் கையோடு கொண்டு வா. காலி ஊறுகாய் பாட்டில் இங்கே பதினொன்று இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா