பாஸ்கா திரி மெழுகாகவே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாஸ்கா ஒளி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்று. ஆனால் ஈஸ்டர் இரவு வழிபாட்டில் ஏற்றும் பெரிய பாஸ்கா திரி மெழுகானாலும், எண்ணெய் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயானாலும் பொருள் ஒன்றுதான் என்று முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. திரி மெழுகால் ஆனதாக, ஆண்டுதோறும் புதியதாக, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்று வத்திக்கான் 1988இல் விடுத்த சுற்றுமடலே சொல்கிறது. எரிய எரியக் கரைவதுதான் அதன் பேச்சு. அன்றிரவு திரியின் முன் பாடும் பாஸ்கா புகழுரையில், மெழுகு தந்த தேனீக்களைப் பாடிவிட்டு முன்னால் பிளாஸ்டிக்கை நிறுத்தினால் பாட்டு யாருக்கு?

நம் ஏப்ரல் வெயில்தான் பலரைப் பிளாஸ்டிக் பக்கம் தள்ளுகிறது. தேன்மெழுகு உருக 62 டிகிரியாவது வேண்டும். ஆனால் 35ஐத் தாண்டினாலே இளகிவிடும். தகரக் கூரையடியில் நிறுத்திய திரி சாயத்தான் செய்யும். தாளில் சுற்றிச் சமதரையில் படுக்க வையுங்கள். திரியில் பதிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகளுக்கும் சூடான ஆணியால் முன்பே துளையிடுங்கள். வெறுமனே அழுத்தினால் மெழுகு வெடிக்கும்.

திரியை ஏற்ற அன்றிரவு கோயிலுக்கு வெளியே மூட்டும் நெருப்புக்குக் காய்ந்த விறகு போதும். மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த நாற்றம் பீடம் வரை வரும். திரியை நேரே நெருப்பில் நீட்டாதீர்கள், மேல்விளிம்பு உருகி ஒழுகும்; சிறு குச்சியில் தீ எடுத்துப் பற்றவையுங்கள்.

உள்ளே மின்விளக்கு எரிய வேண்டியது, திரியை ஏந்தி வரும் பவனியில் மூன்றாம் முறை ‘கிறிஸ்துவின் ஒளி’ பாடிய பிறகு. பீடத் திரிகள் அப்போதும் கூடாது, ‘உன்னதங்களிலே’ பாட்டு தொடங்கும்போதுதான். யாங்கோனில் இருட்டுக்குப் பஞ்சமில்லை, கரண்ட் தானே போகும். பாதிப் பவனியில் அது திரும்பி வந்து, குழல்விளக்கெல்லாம் பளிச்சிட, பிள்ளைகள் “மீ லாபீ!” என்று கூவுவதுதான் தொல்லை. (‘கரண்ட் வந்துவிட்டது’ என்று பொருள். பர்மியருக்கு நெருப்பும் ‘மீ’, கரண்ட்டும் ‘மீ’!) மெயின் சுவிட்சை முன்பே அணைத்து, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். மின்விசிறியும் அதோடு நிற்கும். காற்றடித்தால் திரி ஒரு பக்கமாக வழிந்து பள்ளம் விழும்.

மக்கள் கைத்திரி ஏற்றும்போது எரியாத திரியைத்தான் சாய்க்க வேண்டும். எரிகிற திரியைச் சாய்த்தால் பக்கத்தில் நிற்பவர் சேலையில் மெழுகு.

பெரிய திரியின் நூலை ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் அரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும்படி வெட்டுங்கள். ஈஸ்டர் காலம் முடியும் பெந்தகோஸ்தோடு அதன் வேலை முடிவதில்லை. ஆண்டு முழுவதும் ஞானஸ்நானத்துக்கும், அடக்கத்தன்று பெட்டியருகே வைக்கவும் அதே திரிதான். மே மாதத்திலேயே வழிந்து தீர்ந்தால் நவம்பரில் ஒரு சாவு வந்தால் எதை ஏற்றுவது?

வழிபாட்டுக் குழுவைச் சேர்ந்த வாசகர்,
யாங்கோன்