சம்பள ஆசை மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

நம் விமானிகள் வளைகுடாவுக்குப் போகிறார்கள் என்றாலே 'சம்பள ஆசை' என்று முடித்துவிடுகிறோம். என் மகன் உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் துணை விமானி. துபாயிலிருந்து வந்த ஒப்பந்தம் மூன்று வாரமாக எங்கள் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்கு அடியில் கிடக்கிறது. வருமான வரி கிடையாது, வீடு உண்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உண்டு. சரி, பணம்தான். ஆனால் அவன் பென்சிலால் அடிக்கோடிட்டிருப்பது விடுப்பு நாட்கள் பற்றிய பத்தியை.

இங்கே வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனதே 2025-இல்தான். அதற்குத் தக்கபடி ஆள் வைத்துக்கொள்ளாததால் அந்த டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. உடனே தளர்த்தப்பட்டது எது? இரவுப் பணிக் கட்டுப்பாடு!

அங்கே எல்லாம் தேன் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் கொரோனா வந்ததும் வளைகுடா நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான விமானிகளை வீட்டுக்கு அனுப்பின. இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? கிங்ஃபிஷர் 2012-இல், ஜெட் ஏர்வேஸ் 2019-இல், கோ ஃபர்ஸ்ட் 2023-இல் பறப்பதை நிறுத்தின.

இதில் வேலையை விட்டுப் போக 2017 முதல் கேப்டன் ஓராண்டு, துணை விமானி ஆறு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று விதி. வெளிநாட்டு நிறுவனம் அதுவரை காத்திருக்குமா? விமானியைக் கட்டிப்போடும் விதிக்குக் காட்டும் கறாரை, இந்த விதிகளைப் போடும் அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அவனைத் தூங்கவிடும் விதிக்கும் காட்டட்டும்.

ஒரு விமானியின் தந்தை,
திருச்சி.