லூ விட்டேக்கரின் பெயரை அந்த எட்டில் சேருங்கள்

அமெரிக்க பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமின் வரலாற்று ஆய்வுக் குழுவினருக்கு, வணக்கம்.

2028 டிசம்பரில் பதினாறு பேர் கூடி, 1980க்குப் பிந்தைய ஆட்டக்காரர்களில் யாருக்கு, சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் அமைந்த கூப்பர்ஸ்டவுனில் இடம் தருவது என்று வாக்களிக்க இருக்கிறார்கள். அவர்கள் கைக்குப் போகும் எட்டுப் பெயர்களைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். நீங்கள் விட்டுவிட்ட பெயரைப் பற்றி அந்த அறையில் பேச்சே எழாது. டெட்ராய்ட் டைகர்ஸின் செகண்ட் பேஸ்மேன் லூ விட்டேக்கருக்கு 2022இலும் 2025இலும் நடந்தது அதுதான்.

அவர் வழக்கு முதலில் கெட்டது 2001இல். பேஸ்பால் எழுத்தாளர்கள் அந்த ஆண்டு 515 சீட்டுகள் போட்டார்கள். விட்டேக்கருக்கு விழுந்தவை 15, அதாவது 2.9 சதவீதம். அடுத்த ஆண்டும் பட்டியலில் நீடிக்கத் தேவையான ஐந்து சதவீதம் தொட 26 வேண்டும். பதினோரு வாக்குக் குறைந்ததால் முதல் ஆண்டிலேயே பட்டியலை விட்டு வெளியேறினார். அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடிய ஷார்ட்ஸ்டாப் ஆலன் டிராமெலைப் பாருங்கள். இருவரும் 1977 செப்டம்பர் 9 அன்று, ஒரே ஆட்டத்தில் அறிமுகமானவர்கள்; சேர்ந்து 1,918 ஆட்டங்கள் ஆடியது அமெரிக்கன் லீக் சாதனை. டிராமெல் 2002இல் 15.7 சதவீதத்துடன் தொடங்கி, பதினைந்து முறை பட்டியலில் இருந்தார். அத்தனை ஆண்டும் அவருக்காக வாதாட முடிந்தது. எழுத்தாளர்கள் தேர்ந்தெடுக்காவிட்டாலும் 2017இல் பதினாறு பேர் குழு தேர்ந்தெடுத்தது. விட்டேக்கருக்கு அந்த வாதாடும் காலமே கிடைக்கவில்லை.

அன்று வாக்காளர்கள் பார்த்தவை 2,369 ஹிட், 244 ஹோம் ரன், .276 பேட்டிங் சராசரி. வாக்காளர்கள் வழக்கமாகத் தேடும் 3,000 ஹிட்டும் இல்லை, 500 ஹோம் ரன்னும் இல்லை. ஆனால் பேட்டிங் சராசரியில் வாக் (பிட்சர் நான்கு பந்துகளைத் தவறாக வீசியதால் பேட்டர் முதல் பேஸுக்குப் போவது) என்பது கணக்கிலேயே வராது. விட்டேக்கர் எடுத்த வாக் 1,197; ஸ்டிரைக் அவுட் ஆனது 1,099 முறைதான். அவுட் ஆகாமல் பேஸை அடையும் விகிதம் .363.

2005இல் தேர்வான, மறைந்த ரைன் சாண்ட்பெர்க்குடன் ஒப்பிட்டால் இதன் எடை தெரியும். இருவரும் ஒரே காலத்து செகண்ட் பேஸ்மேன்கள். சாண்ட்பெர்க்கின் சராசரி .285, ஹோம் ரன் 282; பேஸை அடையும் விகிதம் மட்டும் .344. ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 19 அவுட் வித்தியாசம். விட்டேக்கர் மட்டை பிடித்தது 9,967 முறை. ஆக ஏறத்தாழ 190 அவுட்டுகளை அவர் அணிக்கு மிச்சப்படுத்தியிருக்கிறார். ஓர் ஆட்டத்துக்கு 27 அவுட் என்றால், ஏழு முழு ஆட்டங்களின் பேட்டிங் அது.

மைதானமும் கணக்கில் வர வேண்டும். பேஸை அடையும் விகிதத்தையும் அடியின் பலத்தையும் கூட்டிய வெறும் ஓ.பி.எஸ். பார்த்தால் சாண்ட்பெர்க் .795, விட்டேக்கர் .789. சாண்ட்பெர்க்கின் சொந்த மைதானமான சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் பேட்டருக்குக் கை கொடுக்கும் இடம். மைதானத்தையும் லீக் சராசரியையும் சரிக்கட்டும் ஓ.பி.எஸ். பிளஸில் வரிசை மாறுகிறது (100 என்பது லீக் சராசரி): விட்டேக்கர் 117, சாண்ட்பெர்க் 114. சாண்ட்பெர்க்கைக் கீழே இறக்க இதைச் சொல்லவில்லை. அவருக்கு 1984இன் எம்.வி.பி. (லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருதும், ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருது ஒன்பதும் உண்டு. அவர் அங்கே இருக்க வேண்டியவர்தான். அவர் உள்ளே இருக்கும்போது இவர் வெளியே நிற்பதற்கு என்ன காரணம் என்பதே எங்கள் கேள்வி.

இனி வார் (WAR) என்ற அளவு. சாதாரண மாற்று ஆட்டக்காரர் ஒருவரை நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்கும் வெற்றிகளைவிட எத்தனை கூடுதலாகக் கிடைத்தது என்ற கணக்கு. பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவர இணையதளத்தின் கணக்கில் விட்டேக்கருக்கு 75. உள்ளே இருக்கும் சாண்ட்பெர்க்குக்கு 68, ராபர்ட்டோ அலோமாருக்கு 67, கிரெய்க் பிஜியோவுக்கு 65. இந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். 2003க்கு முந்தைய ஃபீல்டிங் மதிப்பு, பழைய ஆட்டக் குறிப்புகளிலிருந்து ஊகித்தது. ஃபேன்கிராஃப்ஸ் என்ற இன்னொரு தளத்தின் கணக்கு விட்டேக்கருக்கு 68தான் தருகிறது. இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தை வைத்து யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது. ஆனால் எந்தக் கணக்கை எடுத்தாலும் விட்டேக்கர் சாண்ட்பெர்க்குக்குக் கீழே போவதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் அவருடைய உச்சம் பற்றியது. சிறந்த ஏழு பருவங்களின் வார் கூட்டினால் அவருக்கு 38 அளவில் நிற்கிறது. ஹால் ஆஃப் ஃபேமில் உள்ள செகண்ட் பேஸ்மேன்களின் சராசரி 44 பக்கம். எம்.வி.பி. வாக்கெடுப்பில் 1983இல் எட்டாவது இடம் வந்ததே அவருடைய அதிகபட்சம். பிற்காலத்தில் இடதுகைப் பிட்சர்களுக்கு எதிராக அடிக்கடி வெளியே உட்கார்ந்தார். இவை உண்மை. ஆனாலும் முழு வாழ்க்கையையும் ஏழு பருவ உச்சத்தையும் கூட்டிப் பாதியாக்கும் ஜாஸ் அளவில், அவர் அந்தச் சராசரியை ஒட்டியே வருகிறார். பத்தொன்பது பருவம் தரம் இறங்காமல் ஆடுவது அரிது. 1995இல், 38 வயதில், கடைசிப் பருவத்தில்கூட .293 அடித்தார்.

2019 டிசம்பரில் பதினாறு பேர் குழு இவர் பெயரை ஒரு முறை எடுத்தது. 12 வாக்கு வேண்டிய இடத்தில் 6 கிடைத்தது. அதே கூட்டத்தில் டெட் சிம்மன்ஸ் தேர்வானார். அவரும் 1994இல் 3.7 சதவீதத்துடன் முதல் ஆண்டிலேயே விழுந்தவர். அந்தக் கதவு திறக்கக்கூடியது என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். பதினாறில் ஆறு பேர் ஆதரித்த ஒருவரை அடுத்த இரண்டு பட்டியல்களிலும் ஏன் விட்டீர்கள் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

இடமில்லை என்று இம்முறை சொல்ல முடியாது. 2025 பட்டியலிலிருந்து ஜெஃப் கென்ட் தேர்வாகிவிட்டார். ஐந்துக்கும் குறைவான வாக்குப் பெற்ற பாண்ட்ஸ், கிளெமென்ஸ், ஷெஃபீல்ட், வாலன்சுவேலா நால்வரும் புதிய விதிப்படி 2028இல் வர முடியாது. எட்டில் ஐந்து இடம் காலி.

அந்த ஐந்தில் ஒன்றை லூ விட்டேக்கருக்குக் கொடுங்கள். பதினாறு பேருக்கும் கொடுக்கும் தாளில் ஹிட், ஹோம் ரன்னுக்குப் பக்கத்திலேயே பேஸை அடையும் விகிதத்தையும் ஓ.பி.எஸ். பிளஸையும் அச்சிடுங்கள்; அதே செகண்ட் பேஸ் இடத்தில் ஆடி ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் எண்களையும் கீழே ஒரு வரிசையாகக் கொடுங்கள். 2028இல் அவருக்கு 71 வயது இருக்கும். 2031 வரை அவரைக் காக்க வைக்காதீர்கள்.